வாடகை வேனில் காட்டுக்குப் போகுமுன்

பாடசாலை விடுமுறை நெருங்கினால் வாப்பாவின் கைபேசி ஓயாது. "நானா, யால போய் வர எவ்வளவு எடுப்பீங்க?" என்பதுதான் முக்கால்வாசிப் பேரின் முதற் கேள்வி. எத்தனை பேர், எத்தனை நாள், இரவில் எங்கே தங்குவது என்று வாப்பா திருப்பிக் கேட்டால் சிலருக்குக் கோபம் வந்துவிடும். விலையைக் கேட்டால் விலையைச் சொல்ல வேண்டியதுதானே என்பார்கள்.

வாப்பா வாடகை வேன் ஓட்டுகிறார். நான் உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் படிக்கிறேன். சாதாரண தரப் பரீட்சை முடிந்ததிலிருந்து அவருடைய வரவு செலவுக் கொப்பி என் பொறுப்பில் இருக்கிறது. சுற்றுலாக் கட்டுரைகள் எதைப் பார்க்கலாம் என்று நிறையச் சொல்கின்றன. எந்த வாகனத்தில், யாரோடு, எந்த நேரத்தில் போவது என்பதைப் பற்றி அவை அவ்வளவாகப் பேசுவதில்லை. அந்தக் கொப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை எழுதிப் பார்க்கிறேன். ரூபாய்க் கணக்குகளைத் தவிர்த்திருக்கிறேன். இந்த மலர் அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் டீசல் விலை மாறிவிடும்.

உதாரணத்துக்கு அம்பாந்தோட்டையை எடுத்துக்கொள்கிறேன். கொப்பியில் அதிகம் வரும் பெயர் அதுதான். தென்கிழக்குக் கரையில், வறண்ட வலயத்தில் இருக்கும் நகரம். அதை நடுவில் வைத்துக்கொண்டால் மூன்று தேசியப் பூங்காக்கள் எட்டும் தூரத்தில் உள்ளன. கிழக்கே நகரை ஒட்டினாற்போல் பூந்தல, அதையும் தாண்டினால் யால, வடமேற்கே உடவளவ. யாலவுக்கும் உடவளவவுக்கும் இடையே யானைகள் போய்வரும் பாதையில் லுணுகம்வெஹெர என்று நான்காவது ஒன்றும் உண்டு. கொழும்பிலிருந்து வரும் ரயில் பாதை பெலியத்தையோடு முடிந்துவிடுகிறது. அம்பாந்தோட்டைக்கும் திஸ்ஸமஹாராமவுக்கும் பஸ் இருக்கிறது, ஆனால் எந்தப் பஸ்ஸும் பூங்காவுக்குள் போவதில்லை. ஆகவே குடும்பமாகப் போகிறவர்கள் வாகனம் வாடகைக்கு எடுத்தே ஆக வேண்டும்.

வாகனம் எடுப்பதில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, வாகனத்தை மட்டும் எடுத்து நாமே ஓட்டுவது. மற்றது, சாரதியோடு சேர்த்து எடுப்பது. நாமே ஓட்டுவது மலிவு என்றுதான் பொதுவாக நினைக்கிறார்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது நாள் வாடகை. அதற்குக் கீழே சிறிய எழுத்தில், ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீற்றர்தான், அதற்கு மேல் போனால் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் இவ்வளவு என்று இருக்கும். நாளொன்றுக்கு 100 கிலோமீற்றர் என்று எல்லை வைத்திருப்பதாக எடுத்துக்கொள்வோம். மூன்று நாளைக்கு 300. கொழும்பிலிருந்து அம்பாந்தோட்டைக்கு அதிவேக நெடுஞ்சாலையால் போனால் ஏறத்தாழ 240 கிலோமீற்றர், போக வர 480. யாலவின் பலட்டுபான வாசலுக்குப் போய்வர ஒரு 100, உடவளவவுக்கு ஒரு 130, பூந்தலவுக்கு ஒரு 40. கூட்டினால் 750 வருகிறது. 300 போக மிச்சம் 450 கிலோமீற்றரை அந்தச் சிறிய எழுத்து விலையால் பெருக்கிப் பாருங்கள். பல சமயம் அது பெரிய எழுத்தை விடப் பெரிதாக இருக்கும்.

இப்படி எடுக்கும் வாகனத்தில் பார்க்க வேண்டியவை சில உண்டு. வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். காப்புறுதிப் பத்திரத்தில் வாகனம் எதற்காகப் பயன்படுகிறது என்று எழுதியிருக்கும். சொந்தப் பாவனை என்று எழுதிவிட்டு வாடகைக்கு விடும் வாகனத்தில் விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடம் இருக்கிறது. அதனால் அந்த ஒரு வரியை வாசிக்காமல் கையெழுத்து வைக்கக் கூடாது. டயரின் வரிகளுக்கிடையில் குறுக்காகச் சிறு மேடுகள் இருக்கும். வரி தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரை மாற்றும் காலம் வந்துவிட்டது என்று அர்த்தம். மேலதிகச் சில்லையும் ஜாக்கையும் வாகனத்தைப் பொறுப்பெடுக்கும்போதே எடுத்துப் பார்க்க வேண்டும். ஏற்கனவே உள்ள கீறல்களையும் நெளிவுகளையும் கைபேசியில் படமெடுத்து, உரிமையாளருக்கும் அப்போதே அனுப்பிவிட்டால், திருப்பிக் கொடுக்கும்போது வைப்புப் பணத்தைப் பற்றி வாக்குவாதம் வராது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்கள் அந்த நாட்டு அனுமதிப்பத்திரத்தை மட்டும் காட்டி இங்கே ஓட்ட முடியாது. இலங்கையில் செல்லுபடியாகும் அனுமதியையும் பெற வேண்டும். எனக்கு இன்னும் 18 ஆகவில்லை. ஆனவுடன் விண்ணப்பிப்பதாக இருக்கிறேன். உம்மாவுக்கு அதில் பெரிய விருப்பமில்லை, வாப்பாவுக்கு இருக்கிறது.

சாரதியோடு எடுக்கும் வேனுக்கு வருகிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்த பக்கம் இதுதான்.

கணக்கீட்டுப் பாடத்தில் படிக்கும் நிலையான செலவு, மாறும் செலவு இரண்டும் வாப்பாவின் கொப்பியில் அப்படியே இருக்கின்றன. லீசிங் தவணை, காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம் ஆகியவை வேன் ஓடினாலும் ஓடாவிட்டாலும் போகும் பணம். டீசல், எஞ்சின் ஒயில், டயர், பிரேக் தேய்மானம் ஆகியவை ஓட ஓடக் கூடுபவை. நெடுஞ்சாலைக் கட்டணமும் வாகனம் நிறுத்தும் கட்டணமும் சிறியவை, ஆனால் அவற்றை யார் கொடுப்பது என்று முன்னரே பேசாவிட்டால் வழியில் முகம் சுளிக்க நேரும். மூன்றாவதாக இன்னொரு செலவு இருக்கிறது. அதற்குக் கொப்பியில் நிரல் கிடையாது. அது சாரதியின் நித்திரை.

ஒரே பயணத்துக்கு ஐந்து பேரிடம் விலை கேட்டு, எல்லோரையும் விடக் குறைவாகச் சொன்னவரைப் பிடிப்பது நம்முடைய வழக்கம். அவர் எதைக் குறைத்துக் குறைவாகச் சொல்கிறார்? டீசலைக் குறைக்க முடியாது. லீசிங் நிறுவனம் தவணையைக் குறைக்காது. மாற்ற வேண்டிய டயரை இன்னும் இரண்டு மாதம் ஓட்டலாம். மூன்று நாள் பயணத்தை ஒரே நாளில் முடிக்கலாம். குறைக்க முடிந்தவை இவை இரண்டும்தான்.

ஒருநாள் யாலப் பயணம் எப்படி என்றால், இரவு 12 மணிக்கு கொழும்பில் ஏறுகிறார்கள். அதிகாலை 6 மணிக்குப் பூங்கா வாசலில் நிற்க வேண்டும். காட்டைப் பார்த்துவிட்டுப் பகலில் கடற்கரை, பின்னேரம் எங்காவது ஒரு சாப்பாடு, இரவு மீண்டும் நெடுஞ்சாலை, நள்ளிரவில் வீடு. ஹோட்டல் செலவு மிச்சம். பயணிகள் போகும்போதும் தூங்குவார்கள், வரும்போதும் தூங்குவார்கள். அவர்கள் ஜீப்பில் காட்டுக்குள் இருக்கும் மூன்று நான்கு மணித்தியாலம்தான் சாரதிக்குக் கிடைக்கும் நித்திரை. அதுவும் வெயில் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில், வேன் கதவைத் திறந்து போட்டு, ஆசனத்தைச் சரித்து, ஈயை ஓட்டிக்கொண்டு.

மனித உடலுக்கு நித்திரை அதிகம் அழுத்தும் நேரம் அதிகாலை 2 மணிக்கும் 5 மணிக்கும் இடைப்பட்டது. தேநீர் குடித்தாலும் முகம் கழுவினாலும் சில நிமிடங்களுக்குத்தான் பலன். கண் திறந்திருக்கும்போதே சில விநாடிகள் மூளை உறங்கிவிடுவதும் உண்டு. தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீற்றர். அந்த வேகத்தில் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 28 மீற்றர் போகிறோம். மூன்று விநாடி கண் அசந்தால் 83 மீற்றர். நமது வலைப்பந்தாட்டத் திடலின் நீளம் 30.5 மீற்றர். கிட்டத்தட்ட மூன்று திடல் நீளத்துக்கு வேனை யாருமே ஓட்டவில்லை என்று அர்த்தம்.

வாப்பா ஒரு தடவை இப்படியொரு பயணத்தில் மாத்தறையைத் தாண்டியதும் வாகனத்தைப் பாதுகாப்பான இடத்தில் ஓரமாக்கி, நாற்பது நிமிடம் தூங்கிவிட்டு மீண்டும் எடுத்தார். ஆறு மணிக்குப் போக வேண்டிய இடத்துக்கு ஏழு மணியாகிவிட்டது. கூட்டிச் சென்ற குடும்பத்துக்கு அது பிடிக்கவில்லை. பேசிய பணத்தில் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள். கொப்பியில் அந்தத் திகதிக்கு நேரே "குறைவு" என்று வாப்பாவின் கையெழுத்தில் இருக்கிறது. நான் அந்தப் பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் உம்மா, "அல்ஹம்துலில்லாஹ், காசுதானே குறைஞ்சது" என்பார்.

ஆகவே வாகனம் பேசும்போது விலைக்கு முன் கேட்க வேண்டியது, முந்திய இரவு சாரதிக்கு வேறு பயணம் இருக்கிறதா என்பது. விடுமுறைக் காலத்தில் ஒரு குடும்பத்தை இறக்கிவிட்டு அடுத்த குடும்பத்தை ஏற்றப் போகிறவர்கள் பலர். அடுத்து, தங்கும் ஹோட்டலில் சாரதிக்கு அறை உண்டா என்று கேட்க வேண்டும். சில ஹோட்டல்களில் சாரதிகளுக்கென்று தனியறை இருக்கிறது. பலவற்றில் கிடையாது, அப்போது அவர் வேனிலேயே நுளம்போடு படுப்பார். நாம் நன்றாக உறங்கி எழுந்து மறுநாள் அவரை நம்பி ஏறுவோம். ஒரு அறைக்குக் கொடுக்கும் பணம் பெரிய தொகையல்ல. பத்துப் பேர் போகும் வேனில் பங்கு போட்டால் ஒரு கொத்து ரொட்டி விலை கூட வராது.

இன்னொரு விடயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வழியிலுள்ள சில கடைகளும் உணவகங்களும் ஆட்களைக் கூட்டி வரும் சாரதிக்குக் கொமிஷன் கொடுக்கின்றன. வாடகையை அடிமட்டத்துக்குக் குறைத்துப் பேசினால் அந்தக் குறையை அவர் இப்படித்தான் ஈடுசெய்வார், அந்தப் பணம் சுற்றிவந்து உங்கள் சாப்பாட்டு விலையில் சேரும். வாப்பா வாங்குவதில்லை என்கிறார். நான் கொப்பியில் தேடியும் பார்த்தேன், இல்லை.

பயண நாட்களை எப்படிப் பிரிப்பது? முதல் நாள் சுபஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டால் போதும். தெற்கு அதிவேக நெடுஞ்சாலை 2011இல் கொட்டாவையிலிருந்து காலி வரைக்கும், 2014இல் மாத்தறை வரைக்கும், 2020இல் அம்பாந்தோட்டை வரைக்கும் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் கரையோரப் பாதையால் போனவர்களுக்கு இந்தப் பயணத்துக்கே ஒரு நாள் போய்விடும் என்று உம்மும்மா சொல்வார். இப்போது காலைப் பசியாறலுக்கும் பகல் சாப்பாட்டுக்கும் இடையில் போய்ச் சேர்ந்துவிடலாம். பயணத்தில் ஜம்உ, கஸ்ர் சலுகை இருப்பதால் தொழுகையை ஒழுங்குபடுத்துவதும் கடினமில்லை.

அம்பாந்தோட்டை நகரத்தை வெறும் தங்குமிடமாக எண்ணிக் கடந்துவிடக் கூடாது. சம்பான் என்னும் சிறு கப்பல்கள் வந்து தங்கிய துறை என்பதால் இந்தப் பெயர் வந்தது என்பார்கள். மலாய் முஸ்லிம்கள் பல தலைமுறைகளாக வாழும் ஊர் இது. பள்ளிவாசல்களைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்தால் தமிழ், சிங்களம், மலாய் மூன்றும் காதில் விழும். ஆங்கிலேயர் காலத்துச் சிறு கோட்டைக் கோபுரம் ஒன்று கடலைப் பார்த்து நிற்கிறது. லெனார்ட் வுல்ஃப் 1908 முதல் 1911 வரை இங்கே உதவி அரசாங்க அதிபராக இருந்தார். இந்த வறண்ட காட்டுக் கிராமங்களின் வாழ்வை வைத்துத்தான் அவர் பின்னர் நாவல் எழுதினார். 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடலுக்கும் உப்பேரிக்கும் இடையில் ஞாயிறு சந்தை கூடியிருந்த நேரத்தில்தான் சுனாமி வந்தது. இப்போது அந்த வழியால் போகும்போது வெயிலும் காற்றும்தான் தெரியும். உம்மும்மா அங்கே வேனை நிறுத்தச் சொல்லி துஆ ஓதினார்.

முதல் நாள் பின்னேரத்துக்குப் பூந்தல பொருத்தம். நகரத்துக்கு மிக அருகில் இருக்கிறது, கூட்டம் குறைவு. ஆனாலும் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். சிறுத்தைக்குப் பேர் போன இடமல்ல என்பதுதான் காரணம். என்னைக் கேட்டால், யோசிக்க வைக்கும் இடம் பூந்தலதான். 1990இல் இலங்கையின் முதலாவது ரம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது இதுதான். 1993இல் தேசியப் பூங்காவானது. பெயர் பெற்றுக் கொடுத்தவை பூநாரைகள். கடலோரக் களப்புகளில் இளஞ்சிவப்பு நிறத்தில் அவை கூட்டமாக நிற்கும் படங்களைப் பழைய புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள். இப்போது போனால் அந்தக் காட்சியை எதிர்பார்க்க முடியாது.

அவற்றை யாரும் வேட்டையாடவில்லை. 1980களில் கிரிந்தி ஓயாத் திட்டத்தின் கீழ் லுணுகம்வெஹெர நீர்த்தேக்கம் கட்டப்பட்டு, கீழ்ப்பகுதியில் புதிய வயல்கள் வந்தன. அந்த வயல்களிலிருந்து வடிந்த நன்னீர் எம்பிலிக்கல, மலல என்னும் களப்புகளுக்குள் வந்து சேர்ந்தது. களப்பின் உப்புத்தன்மை குறைந்தது. பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகால் நீரை வடித்து உண்ணும் பறவை. அது தேடும் நுண்ணிய உயிரினங்கள் உப்பு நீரில் பெருகுபவை. நீர் இனிப்பானதும் உணவு குறைந்தது. உணவு குறைந்ததும் பறவைகள் வேறிடம் தேடின. இன்று பூநாரை பார்க்க வேண்டுமென்றால் மன்னார்ப் பக்கம்தான் போக வேண்டும். வயலும் வேண்டும், களப்பும் வேண்டும். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிய விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் திட்டம் போட்டபோது வடியும் தண்ணீர் எங்கே போகும் என்ற கேள்விக்கும் ஒரு நிரல் வைத்திருக்கலாம்.

பூநாரை இல்லாவிட்டாலும் பூந்தலவில் கொக்கும் நாரையும் முதலையும் நிறைய. வடக்கே குளிர் தொடங்கியதும் ஆயிரக்கணக்கான மைல் பறந்து வரும் உள்ளான்கள் சேற்றில் ஓடித் திரியும். பாதையோரம் முள்ளாய்ப் படர்ந்திருக்கும் நாகதாளியும் சீமைக் கருவேலும் வெளியிலிருந்து வந்தவை. அவையும் அந்தக் காட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிக்கொண்டிருக்கின்றன.

இரண்டாம் நாள் யால. இங்கே முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, நீங்கள் வாடகைக்கு எடுத்த வேனோ காரோ வாசலோடு நின்றுவிடும் என்பதுதான். உள்ளே மண் பாதை, அதற்கு நான்கு சில்லும் இயங்கும் உயரமான வாகனம் வேண்டும். திஸ்ஸமஹாராமவில் அரைநாளுக்கோ முழுநாளுக்கோ சஃபாரி ஜீப் பிடிக்கலாம். ஜீப் வாடகை வேறு, வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு வேறு. ஆளுக்கான கட்டணத்தோடு வாகனக் கட்டணமும் சேவைக் கட்டணமும் வரியும் சேரும். வெளிநாட்டவருக்குப் பல மடங்கு அதிகம். வேன் பேசும்போதே யாலவின் முழுச் செலவும் அதற்குள் அடங்கிவிட்டது என்று எண்ணிக்கொண்டு வந்து, வாசலில் திகைத்து நிற்பவர்களை வாப்பா அடிக்கடி பார்க்கிறார். செப்டெம்பரில் தொடங்கிச் சில வாரங்களுக்கு வரட்சி காரணமாக முதலாம் பிரிவை மூடுவதும் வழக்கம். அந்த மாதங்களில் போக நினைப்பவர்கள் விசாரித்துவிட்டு வாகனம் பேச வேண்டும்.

பொலித்தீன் உள்ளே கொண்டு போகக் கூடாது, ஆகவே சோற்றைப் பார்சலாகக் கட்டாமல் பெட்டியில் எடுத்துக்கொள்ளுங்கள். குறித்த இடங்களில் தவிர ஜீப்பை விட்டு இறங்க முடியாது. நான்கு மணித்தியாலம் இறங்காமல் இருப்பது என்பது பெண்களும் சிறுபிள்ளைகளும் முன்கூட்டியே யோசிக்க வேண்டிய விடயம். ஜீப் ஏறுவதற்கு இரும்புப் படிகள், உயரம் அதிகம். உம்மும்மாவை ஏற்றுவதற்குள் நாங்கள் மூன்று பேர் வியர்த்துவிட்டோம். ஏறியபின் அவர்தான் எல்லோரையும் விட உற்சாகமாக இருந்தார். "இது ஜீப்பா, ஊஞ்சலா?" என்று சிரித்துக்கொண்டே வந்தார்.

யால 979 சதுர கிலோமீற்றர் பரப்புள்ளது. ஆனால் பெரும்பாலான பயணிகள் போவது 141 சதுர கிலோமீற்றர் உள்ள முதலாம் பிரிவுக்கு மட்டும். உலகில் சிறுத்தைகள் மிக நெருக்கமாக வாழும் இடங்களில் அது ஒன்று. இலங்கையில் சிங்கமும் இல்லை, புலியும் இல்லை. சிறுத்தையை அதட்டும் மிருகம் வேறில்லாததால் அது பகலிலும் பாறையில் படுத்து வெயில் காயும். இந்தப் பெருமைதான் அதற்கு வினையாகவும் இருக்கிறது.

ஒரு ஜீப்காரர் சிறுத்தையைக் கண்டால் உடனே கைபேசியில் இன்னொருவருக்குச் சொல்கிறார். அவர் இன்னும் இரண்டு பேருக்கு. சில நிமிடங்களில் நாலாபக்கமிருந்தும் ஜீப்புகள் புழுதி கிளப்பிக்கொண்டு அந்த ஒற்றைப் பாதைக்கு வந்து குவிகின்றன. உள்ளே மணிக்கு 25 கிலோமீற்றர்தான் போகலாம் என்ற விதி அப்போது யாருக்கும் நினைவிருப்பதில்லை. நாங்கள் போன அன்று அப்படியொரு நெரிசலில் சிக்கினோம். முன்னாலும் பின்னாலும் ஜீப், டீசல் புகை, "எங்கே, எங்கே" என்ற சத்தம். மரத்துக்குப் பின்னால் ஒரு வால் மட்டும் தெரிந்தது. பாதையைக் கடக்க வந்த அந்த மிருகம் கடக்க முடியாமல் திரும்பிப் போனது. வேகமாக வந்த வாகனங்களில் அடிபட்டு யாலவில் சிறுத்தைகள் இறந்தும் இருக்கின்றன.

ஜீப்காரர்களைத் திட்டுவது சுலபம். நான் அவர்களையும் வாப்பாவின் கொப்பியை வைத்துத்தான் பார்க்கிறேன். சிறுத்தையைக் காட்டினால் சந்தோஷமாகக் கை நிறையக் கொடுப்பவர்கள், காட்டாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்குகிறார்கள். அவருக்கும் லீசிங் தவணை இருக்கிறது. ஆகவே ஏறுமுன்பே சொல்லிவிடுவது நல்லது: சிறுத்தை கட்டாயமில்லை, எதைப் பார்த்தாலும் உங்களுக்குக் கொடுப்பதைக் கொடுப்போம், மெதுவாகப் போங்கள். சிங்களம் சரளமாக வராவிட்டாலும் "ஹெமின் யமு" என்று சொல்லத் தெரிந்தால் போதும். இரண்டாம் முறை நாங்கள் அப்படிச் சொன்னதும் எங்கள் ஜீப்காரரின் தோள் இறங்கியதைப் பார்த்தேன். அதன்பின் அவர் ஒரு குளக்கரையில் எஞ்சினை நிறுத்திவிட்டார். எருமைகள் கழுத்தளவு நீரில் கிடந்தன. புள்ளிமான்கள் வந்தன, பின்னால் ஒரு மரை வந்தது. இருபது நிமிடம் யாரும் பேசவில்லை. மே முதல் ஜூலை வரை பாலைப்பழம் பழுக்கும் காலத்தில் கரடிகளும் மரமேறும் என்று, எங்கள் வழியில் நின்ற ஒரு பாலை மரத்தைக் காட்டிச் சொன்னார். முந்திய நெரிசலில் நின்றிருந்தால் அந்த மரத்தை அவர் காட்டியிருக்க மாட்டார்.

பட்டனங்கல கடற்கரையில் இறங்க அனுமதி உண்டு. சுனாமியில் அங்கே உயிரிழந்தவர்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. காட்டைப் பார்க்க வந்து கடலால் போனவர்கள்.

அதிகாலைச் சுற்றுக்குப் போவதென்றால் சுபஹு நேரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். வாசல் 6 மணிக்குத் திறக்கிறது. திஸ்ஸமஹாராமவில் தங்கினால் தொழுதுவிட்டுப் பதற்றமில்லாமல் போகலாம். கிரிந்தயிலும் பள்ளிவாசல் உண்டு. பெண்கள் தொழ இடம் இருக்கிறதா என்று முதல் நாளே விசாரித்து வைப்பது நல்லது.

மூன்றாம் நாள் உடவளவ. 1972இல் வளவை ஆற்றின் நீர்த்தேக்கத்தைச் சுற்றி அமைக்கப்பட்ட பூங்கா. புல்வெளி அதிகம் என்பதால் யானைக் கூட்டங்களை எந்த மாதத்திலும் பார்க்கலாம். அங்கேயும் உள்ளே போக ஜீப் வேண்டும். ஆனால் ஜீப்புக்கு மேலும் செலவழிக்க முடியாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. பக்கத்தில் 1995இல் தொடங்கப்பட்ட யானைக் குட்டிகளின் இடைத்தங்கல் நிலையம் இருக்கிறது. தாயை இழந்த குட்டிகளை வளர்த்து, ஓரளவு பெரிதானதும் மீண்டும் காட்டில் விடுகிறார்கள். மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பால் கொடுக்கும்போது தூரத்திலிருந்து பார்க்கலாம், தொட முடியாது. தொட முடியாததைக் குறையாகச் சொன்ன ஒரு சிறுவனுக்கு அங்கிருந்த உத்தியோகத்தர், மனிதரைப் பழகிய யானை காட்டுக்குப் போனபின் ஊருக்குள் வரும், வந்தால் அடிபடும் என்று விளக்கினார்.

அதே வீதியில் மின்வேலி ஓரமாகப் பெரிய யானைகள் நிற்பதைக் காணலாம். போகிறவர்கள் நிறுத்திப் பழம் கொடுத்துப் பழக்கிவிட்டார்கள். வேனுக்குள் இருக்கும் பிள்ளைகள் நிறுத்தச் சொல்லி அழுவார்கள், பெரியவர்களும் சாரதியை வற்புறுத்துவார்கள். வாப்பா நிறுத்துவதில்லை. வாடகைக்கு எடுத்தவர் சொல்வதைச் சாரதி கேட்க வேண்டும் என்பது உண்மைதான், ஆனால் இதில் அவர் கேட்கமாட்டார் என்பதை ஏறும்போதே சொல்லிவிடுவார்.

நண்பகல் 12 மணிப் பால் வேளையைப் பார்த்துவிட்டு, பகல் சாப்பாட்டை முடித்து, ஒன்றரை மணிக்குப் புறப்பட்டால் மஃரிபுக்கு முன் கொட்டாவையில் இறங்கலாம். வழியில் வெலிப்பென்ன ஓய்விடத்தில் சாரதி தேநீர் குடிக்கக் கால் மணித்தியாலம் கொடுங்கள். உடவளவவில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் சூரியன் மறைவதையும் பார்க்கலாம் என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். அப்படி நின்றால் வீடு சேர நள்ளிரவாகும். அடுத்த நாள் விடிய நான்கு மணிக்கு வேறொரு குடும்பம் அந்த வேனுக்காகக் காத்திருக்கும்.